பாம்பை விரட்டும் துடைப்பக் கட்டை

2020-இல் கொரோனாவால் பறக்க வழியில்லாமல் போன குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானங்கள், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், விக்டர்வில் என்ற ஊரில் வெட்டவெளியில் நிறுத்தப்பட்டன. அங்கே காற்றில் ஈரம் குறைவு. துரு எளிதில் ஏறாது.

ஆனால் கதகதப்பான டயர்களைத் தேடி, வாலைக் கிலுக்கும் நச்சுப்பாம்புகள் வந்து சுருண்டுகொண்டன. பொறியாளர்கள் விமானத்துக்கு ஒரு துடைப்பக் கட்டை ஒதுக்கி, அதில் அந்த விமானத்தின் பதிவெழுத்துகளையும் எழுதிவைத்தார்கள். தரையை ஓங்கி மிதித்து, கட்டையால் சக்கரத்தைத் தட்டி, பாம்பு நகர்ந்த பிறகே வேலை.

விமானத்துக்குப் பாம்பு என்றால், வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு எலிதான் எதிரி, வயரைக் கடித்துவிடும். மற்றபடி, விவரம் தெரிந்தவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து வைப்பார்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.