முதல் எழுத்து எந்த மொழியில்?

(பாறசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை வகுத்தவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை வீட்டில் 'தரை' என்கிறது. பள்ளியில் 'தற' என்று எழுதச் சொல்கிறார்கள். பொருள் ஒன்றுதான், ஒலி வேறு, எழுத்தின் வடிவமும் வேறு. வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைக் கண்ணால் அடையாளம் காண்பதுதான் வாசிப்பின் தொடக்கம். இங்கே சொல்லையும் எழுத்தையும் பிள்ளை ஒரே நாளில் கற்க வேண்டியிருக்கிறது. தடுமாறினால் 'மந்தம்' என்று பெயர்!

தமிழில் தொடங்குகிறவர்களும் 247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீர்கள், அது வாசிப்பல்ல. ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளை தானே கூட்டிப் படிக்கும். மலையாளம் பின்னால் வரட்டும். வேண்டியதுதான், பிழைப்பு இங்கேதானே!

தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் ஆசிரியர் போட வேண்டும் என்றது 1949-ல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு. 9 பேர் என்றால் கோப்பை மூடிவிடலாம்! ஆகவே ஜூனுக்கு முன்பே, வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் சங்கத்துக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.