பிழை எங்கே இருக்கிறது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது அரிப்புக் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசாங்கத்தார் கடலின் மேற்பரப்பைப் பார்த்துக் குளிப்பை அறிவித்துவிடவில்லை. பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே அறிவித்தனர். கணினிக் கோளாற்றை ஆராய்வதற்கும் அடித்தளத்தைச் சோதிப்பதே நல்வழி.

ஒரு மென்பொருள் குறித்த ஒரு செயலின்போது மாத்திரம் நின்றுவிடுமானால், குற்றம் பெரும்பாலும் அம்மென்பொருளுடையதே. ஆனால், இன்று ஒரு மென்பொருள், நாளை வேறொன்று, மறுநாள் விண்டோஸே நீலத்திரை காட்டி நிற்குமானால், எல்லாம் ஒருங்கே கெட்டன என்பது பொருந்துமா? அவை யாவும் நிற்கும் நிலம் ஒன்றே. வேலை நடக்கும்போது தரவுகளை ஏந்தி நிற்பது நினைவகம். அணைத்த பின்னும் காப்பது வன்தட்டு. ஐயம் முதலில் இவ்விரண்டின் மீதே செல்ல வேண்டும்.

இதனை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். நம் கரையோரப் பெரியவர் ஒருவர், தம் தந்தையார் முத்துக்குளித்த நாட்களைப் பற்றிச் சொன்னவற்றை ஒலிப்பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். கணினி அடிக்கடி நின்றது. விண்டோஸை மும்முறை புதிதாக நிறுவினேன். ஒவ்வொரு முறையும் பதிவுகளை அங்குமிங்கும் நகல் செய்தேன். கெட்டிருந்ததோ ஒரு நினைவகத் தகடு! அதனூடாகச் சென்ற நகல்கள் பழுதாயின. ஏழு பதிவுகளில் இரண்டு இன்று ஒலிப்பதில்லை. அப்பெரியவரும் இன்று நம்மிடையே இல்லை.

நினைவகப் பிழை எப்போதும் கணினியை நிறுத்துவதில்லை. ஓசையின்றிப் பொய்யும் எழுதும். 2003ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரிலே, தேர்தற் கணினி ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகளை மிகுதியாகக் காட்டியது. பெறக்கூடிய அளவை அத்தொகை மீறியதனாலேயே பிழை பிடிபட்டது. 4096 என்பது இரண்டைப் பன்னிரு முறை பெருக்கி வரும் எண். நினைவகத்தில் ஒரேயொரு பூச்சியம் ஒன்றாக மாறியிருந்தால் இத்தொகை கூடும். மென்பொருளில் குற்றம் காணப்படவில்லை.

செய்யத்தக்கது யாது? முதலாவது, கணினியை நிறுத்துங்கள். வன்தட்டைக் கழற்றி, நல்ல கணினியொன்றில் இணைத்து, அரிய கோப்புகளை நகலெடுங்கள். நலிந்த வன்தட்டுக்குச் சோதனையே இறுதிச் சுமையாகிவிடலாம்.

இரண்டாவது, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே பிழை தென்பட்டாலும் அலட்சியம் செய்யலாகாது. தகடுகளைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடையுங்கள். நமது உப்புக்காற்று அவற்றையும் அரிக்கவல்லது. பின்னர் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே மாட்டிச் சோதியுங்கள்.

மூன்றாவது, வன்தட்டின் ஸ்மார்ட் அறிக்கையிலே பழுதான பகுதிகளின் தொகை ஏறுகிறதா என்று பாருங்கள். 'நலம்' என்னும் ஒரு சொல்லை மாத்திரம் நம்பிவிடாதீர்கள். செக்டிஸ்க் கொண்டு திருத்துவதும் நகலெடுத்த பின்னரே.

இரண்டும் நல்லனவாயின், வெப்பத்தையும் மின்வழங்கலையும் பாருங்கள். அதன் பின்னரே மென்பொருளைக் குறை கூறுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். இல்லையேல் நோய் தீர்ந்தாலும் காரணம் விளங்காது.

எஞ்சிய ஐந்து பதிவுகளும் இன்று மூன்று வெவ்வேறு இடங்களில் உள்ளன. உங்கள் வீட்டு முதியோரின் குரல்களுக்கு இரண்டாம் நகல் உண்டா? இன்றிரவே பாருங்கள்.