லீட்ஸிலிருந்து காலையில் போய் இரவு திரும்பலாம்

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் போனில் சொன்னார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நாற்பது பேராவது இந்த ஹாலில் இருக்கிறீர்கள். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறேன். வட இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து ரயிலில் ஒரே நாளில் எங்கெங்கே போய்த் திரும்பலாம், எப்படித் திட்டம் போடுவது என்பதுதான் பேச்சு. சிரிக்காதீங்க. ஒவ்வொரு செப்டம்பரும் நம் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் எம்.எஸ்சி. படிக்க லீட்ஸ், ஷெஃபீல்டு, மான்செஸ்டர் என்று வந்து இறங்குகிறார்கள். ரூம், வகுப்பு, பகுதிநேர வேலை, மறுபடி ரூம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் கிடந்தேன். ரயில் கட்டணம் அதிகம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு தடவைகூட விசாரித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். என் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் பாய்லர் வேலை பார்த்தவர். இந்தக் கதையில் அவரும் வருகிறார். ஆகவே கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்ல முடியாது.

முதலில் டிக்கெட். அங்கே ஒரே பயணத்துக்குப் பல விலை. எந்த நேரமும் போகும் டிக்கெட் உச்ச விலை. நெரிசல் நேரம் தவிர்த்த டிக்கெட்டுக்கு ‘ஆஃப்-பீக்’ என்று பெயர். முன்கூட்டியே வாங்கும் ‘அட்வான்ஸ்’ மலிவாக இருக்கும், ஆனால் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலில் மட்டுமே செல்லும். ஒருநாள் பயணத்துக்குப் பெரும்பாலும் ஆஃப்-பீக் டே ரிட்டர்ன்தான் சரி. பல ஊர்களுக்கு, போக மட்டும் வாங்கும் டிக்கெட்டுக்கும் போய்வரும் டிக்கெட்டுக்கும் சில்லறை வித்தியாசம்தான். ஆனால் உள்ளூர் ரயில்களில் சில தடங்களில், வார நாட்களில் மாலை நாலு மணியிலிருந்து ஆறரை வரை ஆஃப்-பீக் செல்லாது. அது தெரியாமல் ஏறி, மேல்கொண்டு பணம் கட்டியவன் நான்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது ரயில்கார்டு. 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வயது 25 தாண்டினாலும், முழுநேர மாணவராக இருந்தால் அதே கார்டை வாங்கலாம். நம் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இது தெரிவதில்லை. இருவர் சேர்ந்தே பயணம் செய்தால் அதற்குத் தனி கார்டு, அறுபது வயது கடந்தவர்களுக்குத் தனி கார்டு. அப்பா 2023 ஜூனில் வந்தபோது அவரும் நானும் இருவர் கார்டு எடுத்தோம். போட்டோ ஒட்டி இரண்டு பேர் பெயரும் இருக்கும். ரயில்வே பாஸில் வாழ்நாள் முழுக்க ஓடியவர், காசு கொடுத்துத் தள்ளுபடி கார்டு வாங்குவதை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

முதல் பயணம் யார்க். லீட்ஸ் ஸ்டேஷனில் பிளாட்பாரம் பூஜ்யம் என்று ஒன்று இருக்கிறது, 2021-ல் திறந்தது. ஒன்றுக்கு முன்னால் இடம் கிடைத்தால் வேறென்ன நம்பர் போடுவார்கள்? அதையே அப்பா பத்து நிமிஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யார்க் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஸ்டேஷனை ஒட்டியே தேசிய ரயில்வே மியூசியம், அனுமதி இலவசம். 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்டு என்ஜின் அங்கேதான் நிற்கிறது. எல்லாரும் அதன் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். அப்பா அதைத் தாண்டிப் போய், நீளவாக்கில் வெட்டி உள்ளே தெரியும்படி வைத்திருக்கும் ஒரு நீராவி என்ஜின் முன்னால் நின்றுவிட்டார். பாய்லர் குழாய், ஃபயர்பாக்ஸ், ஸ்டே எல்லாம் அப்படியே தெரியும். "இதுக்குள்ளதாண்டா நான் படுத்துக் கிடந்தேன்" என்றார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நான் மெக்கானிக்கல் என்ஜினீயர் என்று சொல்லிக்கொள்கிறவன்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சனிக்கிழமைக்குப் பெரிய திட்டம் போட்டேன். செட்டில்–கார்லைல் பாதை. லீட்ஸிலிருந்து ஏறி, ரிபிள்ஹெட்டில் இறங்கி, பாலத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி பத்து நிமிடம் கழித்து வரும் அடுத்த ரயிலில் கார்லைல் போய்ச் சாப்பாடு, கோட்டை, பிறகு திரும்புவது. காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. எக்செல் ஷீட்டே போட்டேன்.

பாலத்தைப் பற்றி என்ஜினீயர்களுக்கு இரண்டு வார்த்தை. 1870-களில் கட்டியது. 24 வளைவுகள், நீளம் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். தூண்கள் சுண்ணாம்புக் கல், வளைவுகள் செங்கல். ஒவ்வொரு ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமன். ஒன்று சரிந்தால் அதோடு வரிசையாக எல்லாம் சரியாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக. ரயிலில் போகிறவர்களுக்குப் பாலம் சரியாகத் தெரியாது, இறங்கி நடந்தால்தான் தெரியும்.

இறங்கி நடந்தோம். எனக்குப் பத்து நிமிட நடை. எழுபத்தொரு வயதுக்காரருக்கு, எதிர்க்காற்றில், இருபத்தைந்து நிமிடம். அதை என் ஷீட்டில் எங்கும் போடவில்லை. போனவர் தடித்த தூண் எது என்று எண்ணிக் கண்டுபிடித்து, கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நாங்கள் ஸ்டேஷன் பாதையில் ஏறும்போது ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷத்தில் போச்சு. அடுத்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலை ஏழு மணிக்கு மாத்திரையோடு இரண்டு இட்லி சாப்பிட்டவர். சாப்பாடுதான் கார்லைலில் என்று ‘பிளான்’ ஆயிற்றே! என் பையில் தண்ணீர் பாட்டில், குடை, சார்ஜர் எல்லாம் இருந்தது. தின்ன ஒரு பிஸ்கட் இல்லை. ஒன்றரை மணி வாக்கில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. பேச்சும் ஒரு மாதிரி குழறியது. கைத்தாங்கலாகப் பிடித்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பப்புக்குள் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாவிடம் "சுகர், சுகர்" என்று கத்தியதுதான் ஞாபகம். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் டீயில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து, பிறகு ஒரு தட்டு சிப்ஸும் வைத்தார். கால் மணி நேரம் கழித்து அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னடா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது. மன்னிச்சிரும்மா.

மிச்ச நேரத்தில் அந்தப் பாதையின் கதையைச் சொன்னேன். பாலமும் சுரங்கமும் கட்ட வந்தவர்கள் அந்த மேட்டில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் செத்தவர்கள், குழந்தைகள் உட்பட, ஏறத்தாழ 200 பேர் பக்கத்திலுள்ள சேப்பல்-லி-டேல் சர்ச்சில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 1980-களில் இந்தப் பாதையை மூடப் பார்த்தார்கள். எதிர்த்து 22,000 பேருக்கு மேல் மனு கொடுத்தார்கள், அதில் ஒரு நாயும் சேர்த்தி. ரஸ்வார்ப் என்று பெயர். அது டிக்கெட் எடுத்துப் போன பயணி என்பதால் அதன் கால்தடம் பதித்த மனுவையும் ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் பாதை தப்பித்தது. அதற்குக் கார்ஸ்டேல் ஸ்டேஷனில் சிலை இருக்கிறது. "நாய்க்கு டிக்கெட்டா!" என்று அப்பா கேட்டார். அப்போது உண்டு. இப்போது இரண்டு நாய் வரை இலவசம்.

அடுத்த ரயில் வடக்கே போனது. நாங்கள் ஏறவில்லை. தெற்கே லீட்ஸ் வண்டி வரும் வரை காத்திருந்து வீட்டுக்கே வந்தோம். "கார்லைல்ல என்ன இருக்கு?" என்றார். கோட்டை என்றேன். "அது எங்க ஓடப்போவுது?"

அதற்குப் பிறகு நான் திட்டம் போடுவது இப்படி. முதலில் கடைசி ரயிலைப் பார்ப்பேன், அதற்கு முந்திய ரயிலில் திரும்புவதாக வைத்துக்கொள்வேன். ஒரு நாளுக்கு ஒரு ஊர். சாப்பாடு பையில். முந்தின நாள் இரவு மறுபடி நேரம் சரிபார்ப்பேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விட்டுவிடுவார்கள். வடக்கு ரயில்களில் கால் மணி நேரம் தாமதமானாலே நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம். மலைப்பக்கம் எல்லாம் கோடைக்கு, மியூசியம் எல்லாம் குளிர்காலத்துக்கு. டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது.

வரைபடத்தையும் ஸ்டேஷன் பெயரையும் நம்பாதீர்கள். டென்ட் என்ற ஸ்டேஷன் 1,150 அடி உயரத்தில் இருக்கிறது, டென்ட் கிராமமோ அங்கிருந்து நாலு மைலுக்கு மேல் கீழே. ஸ்கார்பரோவும் விட்பியும் கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் நடுவில் இருந்த பாதையை 1965-லேயே மூடிவிட்டார்கள். லீட்ஸிலிருந்து ஸ்கார்பரோவுக்கு நேரே ரயில், ஒன்றேகால் மணி நேரத்தில் கடல். விட்பிக்கு மிடில்ஸ்பரோ சுற்றி, நாளுக்குச் சில வண்டிகளே உள்ள பாதையில் போக வேண்டும், அதற்கு பஸ்ஸே மேல்.

புதிதாக வருகிறவர்கள் சால்டேரில் ஆரம்பியுங்கள். கால் மணி நேரம். டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி 1850-களில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர், 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மில் வாசலில் நின்று பார்த்தால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும். மனசு சரியில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும், இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

அப்பா அடுத்த மே மாதம் மறுபடி வருகிறார். கார்லைலுக்கு இந்த முறை நேரே போகிறோம், நடுவில் இறங்குவதில்லை. வேறு கேள்வி இருந்தால் டீ நேரத்தில் கேளுங்கள். என்னைவிட அவரிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்.