ஐந்தாம் வகுப்பு வரை யார் பி.டி. சார்?
(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



1888இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் நம் திருத்தணி. 1962 முதல் அவர் பிறந்த நாள்தான் ஆசிரியர் தினம். இந்த ஊரில் நின்றுகொண்டு ஆசிரியர்களைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. 1 முதல் 5 வரை? 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர்கள். தமிழ், கணக்கு, விளையாட்டு எல்லாமே அவங்கதான். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் வந்தாச்சு. நூறு வருஷம் தாண்டியும் அந்தப் படிப்பு கீழ் வகுப்புக்குச் சரியாக இறங்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிற பயிற்சி அல்ல. மைதானத்தில் இறங்கி ஆடிப் பார்க்கிற பயிற்சி. தொட்டுப் பிடிக்கிற விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவுட் ஆனவன் ஓரமாக உட்காருகிறான். முதலில் அவுட் ஆவது யார்? ஓட வராத பிள்ளை. பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான் அதிக நேரம் சும்மா இருக்கிறது! ஐந்து தடவை குதிக்கச் சொல்லி மறுபடி உள்ளே விட்டால் போதும். 40 பேருக்கு ஒரே பந்து என்பதும் அப்படித்தான். பழைய துணியைச் சுருட்டி நாலு பேருக்கு ஒன்று கொடுத்துப் பாருங்கள்.

“புடவை கட்டிக்கிட்டு எப்படிங்க ஓடறது?” என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. டீச்சர் ஓட வேண்டாம்மா. யார் சும்மா நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகினால் போதும்.

ஏழு வயதுக்கு வாலிபால் வேண்டாம். ஓட, தாண்ட, எறிய, பிடிக்க, ஒற்றைக் காலில் நிற்க வந்தால் சரி. நம்ம பாண்டியாட்டத்திலேயே பாதி இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் எல்லையோரப் பிள்ளைகள் அதையே தொக்குடு பில்ல என்பார்கள். பாஷைதான் வேறு, கட்டம் ஒன்று.

இந்தக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நம் கல்லூரி மைதானத்துக்கு வாருங்கள். உடற்கல்வி படித்த நம்ம ஆட்களையும் கூப்பிடுவோம். சாக்பீஸும் பழைய துணியும் நான் கொண்டு வருகிறேன்.