மேந்தாவின் மூங்கில்



மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், கட்சிரோலி மாவட்டத்தின் தனோரா வட்டத்தில் உள்ளது மேந்தா. பக்கத்து ஊரையும் சேர்த்து மேந்தா-லேகா என்பர். சுமார் 500 பேர் வாழும் கோண்டு பழங்குடிச் சிற்றூர். அதைச் சூழ்ந்து ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காடு. அக்காட்டின் செல்வம் மூங்கில். தில்லியிலும் மும்பையிலும் தங்கள் அரசு, ஊரிலோ தாங்களே அரசு என்பது அம்மக்களின் முழக்கம். அவர்களது கிராம சபையில் வாக்கெடுப்பு கிடையாது. ஒருவர் மறுத்தாலும் முடிவு காத்திருக்கும்.

அம்மாவட்டத்து மூங்கிலை அரசு நெடுங்காலம் காகித ஆலைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2009இல் காட்டின் மீதான சமூக உரிமை மேந்தாவுக்குக் கிடைத்தது. ஆனால் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுசெல்ல அனுமதிச் சீட்டு தர வனத்துறை மறுத்தது. 1927ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டப்படி 2017 வரை மூங்கில் ‘மரமாக’ இருந்தது; மரமோ துறைக்குச் சொந்தமாம்! தாவரவியலில் மூங்கில் புல்லினம். புதிய சட்டமும் அதைச் சிறு வன மகசூல் என்றே ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறது. உரிமைப் பட்டயம் கையில் இருந்தும் இரண்டாண்டுகள் இழுபறி.

2011 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அவ்வூருக்கே வந்து, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். சீட்டு எழுதும் அதிகாரம் வனத்துறையிடமிருந்து ஊரின் கைக்கு வந்தது.

2013இல் அவ்வூர் விவசாயிகள் இன்னொரு படி சென்றனர். தத்தம் பட்டா நிலங்களையும் கிராமதானச் சட்டத்தின்கீழ் சபைக்கே ஒப்படைக்க முடிவு செய்தனர். சபையின் இசைவின்றி நிலம் வெளியாருக்குக் கைமாறக் கூடாது என்பதற்காக.