நம்ம தேங்காய் மிட்டாயும் சீனியும்

நான் காரங்காடு. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். தப்பாப் பேசினா மன்னிச்சுக்கோங்க.

எங்க ஊர் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகுல போறவங்களுக்கு எங்க குழு தேங்காய் மிட்டாய் செஞ்சு விற்கிறோம். போன வருசம் விலை குறைவுன்னு ஒரு மூட்டை சீனி வாங்கினோம். கொஞ்சம் பழுப்பாத்தான் இருந்துச்சு. சீனிதானேன்னு வெறுந்தரையில போட்டு வச்சோம். கடல் காத்துல ஈரம் ஏறிக் கட்டி தட்டிப் போச்சு. காய்ச்சினா பாகுல அழுக்கு நுரை. அதை எடுத்துக்கிட்டே இருந்ததுல பதம் தெரியாம அவசரமா இறக்கிட்டோம். மிட்டாய் இறுகவே இல்லை. குழுக் கடன்ல வாங்கின பணம், அத்தனையும் நட்டம்.

அதுக்கு அப்புறம்தான் சீனியைப் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். மூட்டையில எஸ் 30, எம் 30ன்னு போட்டிருக்கும். எழுத்து பரல் அளவு: எஸ் சின்னது, எம் நடுத்தரம், எல் பெரிசு. எண் நிறத்துக்கு, 30ஐ விட 31 வெள்ளை. வாங்கும்போது ஒரு கரண்டிச் சீனியைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில கரைச்சுப் பாருங்க. தெளிவா இருக்கணும். அடியில வெள்ளையாப் படிஞ்சா சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கலாம்.

சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. கருவாட்டுக்கு உப்பு என்ன செய்யுதோ, அதைத்தான் ஜாமுக்குச் சீனி செய்யுது. தண்ணியை இழுத்துப் பிடிச்சுக்கிடும், கிருமி வளராது. மிட்டாயை இறுக வைக்கிறதும் அதுதான். குலாப் ஜாமூன் பாகு உறையாம இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடலாம். தேங்காய் மிட்டாய்க்கு விடாதீங்க, இறுகாது. இப்ப நாங்க பலகை மேல, மூடி போட்ட டப்பாவுலதான் சீனி வைக்கிறோம். கம்பிப் பதம் பார்க்காம தேங்காய் போடுறதில்லை.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த நட்டத்தை ஈடுகட்ட, கருப்பட்டி மிட்டாயில பாதிச் சீனி கலந்து, கருப்பட்டின்னே விற்போம்னு சொன்னது நான்தான். கருப்பட்டி விலைக்கும் சீனி விலைக்கும் எம்புட்டு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும். எங்க குழுவுல வயசான ஒரு மதினி, "ஏத்தா, நம்மை நம்பித்தானே காசு குடுக்கிறாக?"ன்னு ஒரே வார்த்தை கேட்டாங்க. எனக்குத் தலை நிமிரலை. கலக்கலை. கடனை மெல்ல மெல்ல, மிட்டாய் வித்தே அடைச்சோம்.

சீனி போடுறது குத்தமில்லை, மறைக்கிறதுதான் குத்தம். பொட்டலத்துல என்னென்ன சேர்த்திருக்குன்னு, எது எடை அதிகமோ அதை முதல்ல எழுதணும், அதுதான் சட்டம். எங்க பொட்டலத்துல "தேங்காய், சீனி, ஏலக்காய்"னு இருக்கும். சக்கரை நோய் உள்ளவங்க கேட்டா, "கருப்பட்டியும் இனிப்புதான், அளவாச் சாப்பிடுங்க"ன்னு சொல்லித்தான் குடுக்கிறோம்.

சீனியைப் பார்த்து வாங்குங்க, ஈரம் படாம வைங்க, போட்டதை எழுதுங்க. எங்களுக்கு நட்டத்துல வந்த பாடம், உங்களுக்கு நட்டமில்லாம வரட்டும்.