கடிகார நேரமும் கதிரவன் நேரமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

உச்சி வேளை எத்தனை மணிக்கு என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் பன்னிரண்டு மணி என்போம். கோலாலம்பூரில் அவ்விடை பொருந்தாது. இங்குக் கதிரவன் உச்சியை அடைவது சராசரியாகப் பிற்பகல் 1 மணி 13 நிமிடத்தில். இவ்வேறுபாட்டை மறந்ததால் நான் செய்த பிழையொன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூரோ 101.7 பாகையில் உள்ளது. இடையிலுள்ள 18.3 பாகையைக் கடக்கக் கதிரவனுக்கு 73 நிமிடம் வேண்டும். 1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரம் அமையும்பொருட்டு, தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன் நம் தந்தையார் காலத்தில் இங்கு உச்சி 12 மணி 43 நிமிடம். இன்றும் கோத்தா கினபாலுவில் சராசரியாக 12 மணி 16 நிமிடத்திற்கே உச்சி வந்துவிடுகிறது. கடிகாரம் நாடு முழுமைக்கும் ஒன்று. உச்சி வேளை ஊருக்கு ஊர் வேறு.

நாளுக்கு நாளும் அது மாறும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், கோலாலம்பூரில் பிப்ரவரி நடுவில் உச்சி 1 மணி 27 நிமிடம் வரை பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 57 நிமிடத்திற்கே வந்துவிடுகிறது.

கட்டடங்களின் மீது வெயிலும் நிழலும் விழும் விதத்தைக் கணினியில் காட்டும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. அவை உள்ளுக்குள் சூரிய நேரத்தைக் கொண்டே கணக்கிடுகின்றன. நாம் தரும் கடிகார நேரத்தை மாற்றிக்கொள்ள ஊரின் தீர்க்கரேகை, நேர மண்டலம், நாள் ஆகிய மூன்றும் அவற்றுக்கு வேண்டும். சில மென்பொருள்களில், நேரத்தைச் சூரிய நேரமாகவே தரவும் வழியுண்டு. எவ்வழியில் தந்தாலும் படத்தின் மூலையில் "4.00" என்றே அச்சாகும். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், குழந்தைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றின் வரைபடம் என் மேசைக்கு வந்தது. விளையாட்டுத் திடலுக்கு மேற்கே 30 மீட்டர் உயர அடுக்குமாடி. குழந்தைகள் விளையாடும் நேரம் மாலை 4 முதல் 5 வரை. செப்டம்பர் 23ஆம் நாளுக்கான படத்தில் 4 மணி நிழல் 52 மீட்டர் நீண்டு திடல் முழுவதையும் மூடியிருந்தது. ஆகவே கூரை தேவையில்லை என்ற முடிவுக்கு நானும் உடன்பட்டுக் கையொப்பமிட்டேன்.

நிலையம் திறந்த பின், செப்டம்பர் இறுதியில் ஒரு மாலை 4 மணிக்கு அங்குச் சென்றேன். நிழல் ஏறத்தாழ 29 மீட்டரில் நின்றிருந்தது. சறுக்குமரமும் ஊஞ்சலும் கொளுத்தும் வெயிலில் கிடந்தன. "படத்தில் நிழல் இருந்ததே ஐயா" என்றார் ஆசிரியை. என்னிடம் விடையில்லை. படத்திலிருந்த 4 மணி, சூரிய நேரம். கடிகாரத்தில் அது 5 மணி 6 நிமிடம். நிழல் வந்து சேரும்போது குழந்தைகள் உள்ளே போயிருப்பர். பின்னர்த் திடலுக்குக் கூரை அமைத்தார்கள். அதுவரை அக்குழந்தைகள் மாலைப் பொழுதை அறைக்குள்ளேயே கழித்தனர்.

அன்றிரவு என் தமிழ்ப்பள்ளி ஆசிரியரை நினைத்து வெட்கினேன். ஐந்தாம் வகுப்பில் அவர் திடலில் ஒரு கம்பை நட்டு, நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொன்னார். பள்ளி விட்ட பின்னும் எங்களை நிறுத்திவைத்தார். பசியும் எரிச்சலுமாக நின்ற நாங்கள், மிகக் குறுகிய நிழல் ஒரு மணிக்குப் பிறகே விழுந்ததைக் கண்டோம். கண்ணால் கண்டு கற்ற பாடத்தை, அச்சிட்ட படத்தின் முன் மறந்துபோனேன்.

இன்று எந்த நிழற்படம் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதில் நிழல் மிகக் குறுகுவது எத்தனை மணிக்கு?" கோலாலம்பூருக்கு "பன்னிரண்டு" என்று விடை வந்தால், படத்தில் உள்ளது கடிகார நேரமன்று. 1 மணி 13 நிமிடத்தை ஒட்டி வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். ஐயம் தீராவிடில் ஒரு கம்பும் சில கற்களும் போதும்.

இது நம் ஆலயத்திற்கும் பயன்படும். சென்னையில் சராசரி உச்சி 12 மணி 9 நிமிடம். அங்குக் கணித்த நேரங்களை இங்கு அப்படியே கொள்ளலாமா என்பதைக் குருக்கள் ஐயா அவர்களே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அன்னதானப் பந்தலைத் தீர்மானிப்பவர்கள் நாம். 12 மணிக்குப் பந்தலின் நிழல் மேற்கே விலகி விழும்; 2 மணிக்குக் கிழக்கே விலகும். வரிசையில் நிற்கும் முதியோரையும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரையும் எண்ணி, இரு பக்கமும் சற்று நீட்டிப் பந்தலிடுமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.